திரும்பி வரும் கேரியரைப் பாருங்கள்

புற்றுநோய்க்கான முதல் கீமோ முடிந்து அக்கா வீட்டுக்கு வந்த அன்று மாலை, நான் ஆட்டுக்கால் பாயா கொண்டுபோனேன். நாலு மணி நேரம் கரி அடுப்பில் கொதிக்கவிட்டது. அக்காவுக்கு அது என்றால் உயிர். எங்கள் வீட்டில் பாயா வைத்தால் ஒரு கிண்ணம் அவருக்கு என்று எடுத்துவைப்பது முப்பது வருடப் பழக்கம். இரண்டு வாய் குடித்தார். அரை மணி நேரத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. சிகிச்சை முடிந்து ஒரு வருடம் ஆன பிறகும், பாயா வாசனை வந்தால் அவருக்கு வயிறு புரட்டுகிறது. நான் ஆசையாகக் கொண்டுபோனதே அவருக்குப் பிடித்த ஒரு பண்டத்தைப் பறித்துவிட்டது.

ஆகவே முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். கீமோ ஏறிய நாளிலும் அடுத்த இரண்டு நாட்களிலும் நோயாளிக்கு மிகவும் பிடித்த உணவைக் கொடுக்காதீர்கள். அந்த நாட்களின் குமட்டலோடு உணவின் மணமும் சேர்ந்து மனதில் பதிந்துவிடுகிறது. மூளை அந்த உணவையே குற்றவாளியாக்கிவிடும். அந்த மூன்று நாளும் பெரிதாக ஒட்டுறவு இல்லாத சாப்பாடு போதும்: அரிசிக் கஞ்சி, உப்புப் பிஸ்கட், அவித்த உருளைக்கிழங்கு, இட்லி. பாயாவும் பிரியாணியும் மூன்றாவது வாரம் வரை காத்திருக்கட்டும்.

நாங்கள் ரங்கூனில், பசுண்டாங் பக்கம் இருக்கிறோம். நான் காலையில் வீட்டு வாசலில் இட்லி, தோசை போட்டு விற்பவள். அக்கா வீடு பத்து நிமிட நடை, நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஆறு சுற்று கீமோவும் பிறகு கதிர்வீச்சும் முடியும்வரை, அநேகமாக தினமும் அந்த வீட்டுக்கு என் கேரியர் போனது. நான் மருத்துவம் படித்தவள் இல்லை. அக்காவின் டாக்டரும் நர்சம்மாவும் சொன்னதையும், திரும்பி வந்த கேரியரைப் பார்த்துத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

திரும்பி வரும் கேரியர்தான் எனக்குப் பாடம் நடத்தியது. "சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டால் என் மனம் நோகக் கூடாது என்று "நல்லா சாப்பிட்டேன்டி" என்பார். கேரியர் அப்படி மறைக்காது. அதனால் அக்காவின் கணவரிடம் கேட்டுக்கொண்டேன்: மிச்சத்தைக் கொட்டாதீர்கள், கழுவாதீர்கள், அப்படியே அனுப்புங்கள். சோறு மிஞ்சிக் குழம்பு காலியாகியிருந்தால் தொண்டை வறண்டிருக்கிறது என்று பொருள். கறித்துண்டுகள் மட்டும் ஓரத்தில் ஒதுங்கியிருந்தால் ஒன்று மெல்லும்போது வலிக்கிறது, இல்லை இறைச்சி நாக்கில் இரும்பாக ருசிக்கிறது. மூடியே திறக்காமல் வந்தால் வாசனை பிடிக்கவில்லை. ஒரு பழைய நோட்டில் தேதி, என்ன போனது, என்ன வந்தது என்று மூன்றே வரி எழுதினேன். இரண்டாவது சுற்றுக்குள் ஒரு வடிவம் தெரிந்துவிட்டது.

இருபத்தொரு நாள் கணக்கு

அக்காவுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ. சுவரில் தொங்கும் பர்மா காலண்டரில் அந்த 21 நாளையும் பென்சிலால் பிரித்துக்கொண்டேன். முதல் மூன்று நாள் குமட்டல். நாலாம் நாளிலிருந்து வாய்ப் புண், ருசி கெடுவது. பொதுவாக 7ஆம் நாளிலிருந்து 14ஆம் நாள்வரை ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இறங்கிக் கிடக்கும் காலம். அப்போது சுத்தம்தான் முதல் மருந்து. மூன்றாவது வாரம் பசி திரும்பும், ஆள் கொஞ்சம் தெளிவார். இழந்த சத்தை ஏற்றிக்கொள்ள வேண்டியது அந்த வாரத்தில்தான். எல்லோருக்கும் ஒரே மருந்து இல்லை, ஒரே நாள் கணக்கும் இல்லை. உங்கள் தோழியின் அட்டவணையை அவருடைய டாக்டரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

குமட்டல் நாட்களில் சூடான சாப்பாட்டின் ஆவியே எதிரி. வெளியில் ஆறவைத்து, கைபொறுக்கும் சூட்டுக்கும் கீழே வந்ததும் கொடுங்கள். மணம் பாதியாகக் குறையும். வெங்காயம் வதக்குவது, கருவாடு, ஙாப்பி என்கிற மீன் விழுது வறுப்பது எல்லாம் அந்த வீட்டு அடுப்பில் வேண்டவே வேண்டாம். நான் வெளியே சமைத்துக் கொண்டுபோனதில் இருந்த பெரிய லாபம் அதுதான். கேரியர் மூடியையும் அடுக்களையிலேயே திறந்து, முதல் ஆவி போன பிறகு உள்ளே எடுத்துப் போகச் சொல்வேன். இரண்டு மணி, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கால் கிண்ணம், அரைக் கிண்ணம். வயிறு காலியாக இருந்தால் குமட்டல் கூடும். தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும், ஆனால் சாப்பாட்டுக்கு இடையில். நம் ஊர் வழக்கப்படி மேசைமேல் ஒரு கெண்டி நிறைய வெறுந்தேயிலைத் தண்ணீர் வைத்துச் சாப்பாட்டோடு ஊற்றிக்கொண்டே இருந்தால், அக்காவின் சின்ன வயிறு அதிலேயே நிரம்பிவிடும். அந்தக் கெண்டியை நான் நகர்த்திவைத்தேன்.

சிலருக்குக் கொடுக்கும் மருந்தால், குளிர்ச்சி பட்டாலே தொண்டையும் விரலும் ஊசி குத்துவதுபோல் வலிக்கும். அவர்களுக்கு ஐஸ்கிரீம், குளிர்ந்த ஜூஸ் ஆகாது. முதல் சுற்றுக்கு முன்னாலேயே இதை ஒரு வார்த்தை டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

வாய்ப் புண்ணுக்கு

இதுதான் என்னை அதிகம் அழவைத்த பகுதி. ரசம் வைத்தால் எரிகிறது, எலுமிச்சை எரிகிறது, தக்காளி எரிகிறது. பர்மாச் சமையலில் பாதி புளிப்பு. சின்பவுங் என்கிற புளிச்சக்கீரை இல்லாத வீடு ஏது? புளியும் மிளகாயும் கரகரப்பும் இல்லாமல் என்ன சமைப்பது என்று தவித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு ஷான் இனத்து அம்மா சொன்னார்கள்: "தோஃபு நுவே கிண்டிக் கொடு."

தோஃபு நுவே சோயாவில் செய்வது இல்லை. கடலை மாவில் செய்வது. ஒரு கப் கடலை மாவை அரை கப் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். இன்னும் நாலு கப் தண்ணீர் ஊற்றி, உப்பும் ஒரு சிட்டிகை மஞ்சளும் போட்டு ஒருமுறை வடிகட்டுங்கள். அடி கனத்த பாத்திரத்தில், மிதமான தீயில், கை நிறுத்தாமல் கிண்ட வேண்டும். பத்து நிமிடத்தில் கெட்டியாகும். அதோடு நிறுத்திவிடாதீர்கள், மாவின் பச்சை வாசனை போக இன்னும் பத்து நிமிடம் வேண்டும். கரண்டியிலிருந்து பட்டுபோல வழுக்கி விழுவது சரியான பதம். மேலே பூண்டு பொரித்த கடலை எண்ணெய் ஒரு கரண்டி. பூண்டுத் துண்டுகளை எடுத்துவிடுங்கள், அவை குத்தும். குழைய வேகவைத்த கௌஸ்வே, அதாவது நூடுல்ஸ், கொஞ்சம் அடியில் போடலாம். ஒரு கப் மாவில் 20 கிராம் அளவு புரதம் இருக்கிறது. விழுங்க எந்தச் சிரமமும் இல்லை. அன்று கேரியர் தட்டு வழித்து எடுத்ததுபோல் வந்தது.

இன்னொன்று முட்டைக் கஞ்சி. அரை கப் அரிசி, கால் கப் பாசிப்பருப்பு, ஐந்து கப் தண்ணீர், ஒரு துண்டு இஞ்சி. எல்லாம் கரைந்து கூழாகும்வரை வேகவிட்டு இஞ்சியை எடுத்துவிடுங்கள். கஞ்சி தளதளவென்று கொதிக்கும்போது, அடித்த முட்டை இரண்டை நூலாக ஊற்றிக் கிண்டி, மூன்று நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். அரைவேக்காட்டு முட்டை கூடவே கூடாது. கடைசியில் ஒரு கரண்டி நெய். சைவக்காரர்கள் முட்டைக்குப் பதிலாகப் பருப்பை இரட்டிப்பாக்கிப் பால் பவுடரைக் கரைத்து ஊற்றலாம். நன்றாக இருக்கும்.

மீன் என்றால் விரால், இங்கே ஙாயான் என்போம். வேகவைத்து, சதையை விரலால் தடவித் தடவி முள் எடுத்து, எலுமிச்சைப்புல் போட்ட சாற்றில் சேர்த்தால் வீட்டு மொஹிங்கா (மீன் சாற்று நூடுல்ஸ்) ஆகிவிடும். மிளகாய் இல்லாமல், மேலே பேஜோ என்கிற பருப்பு வடையை நொறுக்காமல். ஙாதலௌவைப் புண் ஆறும்வரை மறந்துவிடுங்கள், அதன் முள் எண்ணி மாளாது.

சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் வாய் கொப்பளிக்க நர்சம்மா சொன்ன அளவு: ஒரு கப் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் தேக்கரண்டி சமையல் சோடா, அதில் பாதி உப்பு. கொப்பளித்துத் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. இதைச் செய்துவிட்டுச் சாப்பிட்ட நாட்களில் அக்கா கூடுதலாக நாலு வாய் சாப்பிட்டார்.

புண் இல்லாமல் ருசி மட்டும் கெட்டிருந்தால் வழியே வேறு. அப்போது புளிப்பு உதவும்: எலுமிச்சை பிழிந்த சாதம், மெல்லிய புளிச்சக்கீரைச் சாறு. இறைச்சி இரும்பாக ருசித்தால் முட்டை, பருப்பு, பனீர் பக்கம் திரும்புங்கள். எவர்சில்வர் கரண்டியை எடுத்துவிட்டுப் பீங்கான் அல்லது பிளாஸ்டிக் கரண்டி கொடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் அக்காவுக்கு அது உடனே வித்தியாசம் தெரிந்தது.

வெள்ளணு இறங்கும் நாட்கள்

இந்த நாட்களில் நான் கடுமையானவள் ஆகிவிடுவேன், அதற்காக வருத்தப்படவும் இல்லை. லபெ தோ என்கிற ஊறிய தேயிலைப் பிசையல், தெருவில் கையால் பிசையும் அத்தோ நூடுல்ஸ், ஙாப்பித் தண்ணீரோடு பச்சைக் காய், முளைவிட்ட பயறு, பச்சை மீனைப் புளிக்கவைத்த ஙாச்சின், எதுவும் கிடையாது. பழைய சோறும் கிடையாது. வெந்த சோறு வெளியில் கிடந்தால் அதில் வளரும் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போவதில்லை. இட்லி மாவு புளித்ததுதான், ஆனால் கொதி ஆவியில் வேகிறது. அதனால் சூடான இட்லிக்குத் தடையில்லை. வீட்டுத் தயிரைப் பற்றி டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள். தோலுரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், ஆரஞ்சு போன்றவற்றைக் கையும் பழமும் கழுவிவிட்டு உரித்துக் கொடுக்கலாம். பம்பளிமாஸ் மட்டும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். அது சில மருந்துகள் ரத்தத்தில் இருக்கும் அளவையே மாற்றிவிடும்.

கோயில் பிரசாதம் வந்தது. ஒரே அண்டாவில் பத்துக் கை பட்ட தயிர்ச்சாதம். அக்கா கலங்கிப் போனார், எப்படி மறுப்பது என்று. நான் விபூதியை நெற்றியில் இட்டுவிட்டு, சாதத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

இனி ரங்கூன் வீடுகளுக்கே உரிய தலைவலி: மின்சாரம். பல மணி நேரம் கரண்ட் இல்லாத ஊரில் ஃபிரிட்ஜை நம்பி நோயாளிக்குச் சமைக்க முடியாது. சமைத்த உணவு வெளியில் இரண்டு மணி நேரத்துக்குமேல் இருக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் என்றால் ஒரு மணி நேரம். இங்கே ஏப்ரலில் நிழலிலேயே அதைத் தாண்டும். அதனால் ஒரு வேளைக்கு மட்டும் சமைத்தேன். கறியைக் கால் விசை, அதாவது 400 கிராம் அளவு, அன்றன்றைக்கு வாங்கினேன். பிறகு வாயகன்ற ஃபிளாஸ்க் ஒன்று வாங்கினேன், அந்த வருடம் நான் செய்த நல்ல செலவு அது. கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் வைத்து, கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை நிரப்பி மூடினால் மூன்று மணி நேரம் சூடு தாங்கும். அதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். காய் கழுவக் குழாய்த் தண்ணீர் இல்லை, கொதிக்கவைத்து ஆற்றிய தண்ணீர். பச்சைக் கறிக்கு ஒரு பலகை, காய்க்கு வேறு பலகை.

ஒரு வாரம் எனக்குச் சளி. அந்த வாரம் மாடி ஏறவில்லை. அதற்காகச் சாப்பாட்டை நிறுத்தவும் இல்லை. என் மகள் முகக்கவசம் போட்டுச் சமைத்தாள். நம் ஊர் பால்கனிகளில் கிளிப்பும் மணியும் கட்டித் தொங்கும் கயிறு இருக்கிறதே, அதில் கேரியரை மாட்டி மணியை ஆட்டினோம். அக்கா மேலேயிருந்து இழுத்துக்கொண்டு கையசைத்தார். தும்மலோடு பார்க்கப் போவதைவிட அந்தக் கயிறு நல்லது.

காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால் கஷாயம் வைத்துக்கொண்டிருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்கு அழையுங்கள், ராத்திரியானாலும் சரி. வெள்ளணு இல்லாத உடம்பில் காய்ச்சல் காத்திருக்காது.

மூன்றாவது வாரம்

அக்காவின் எடை 106 பவுண்டு, அதாவது 48 கிலோ. சிகிச்சையில் இருப்பவருக்குக் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல், முடிந்தால் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்பது சத்துணவு நிபுணர்கள் சொல்லும் கணக்கு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் இந்தக் கணக்கு மாறும். அக்காவுக்கு ஒரு நாளைக்கு 48லிருந்து 72 கிராம். முட்டை ஒன்றில் 6, ஒரு கப் பாலில் 8, வெந்த கோழிச் சதை 100 கிராமில் 27 அளவு. இப்படிக் கூட்டிப் பார்த்தால், கஞ்சியும் ரசமும் மட்டுமே கொடுத்து "பத்தியம்" காப்பது எவ்வளவு பெரிய பட்டினி என்று புரியும். நம் பெரியவர்கள் சொன்ன பத்தியம் பல நோய்க்குச் சரியாக இருந்திருக்கலாம். கீமோ எடுப்பவரை அது இளைக்கவைக்கும்.

சாப்பிடும் அளவைக் கூட்ட முடியாது, ஆகவே ஒவ்வொரு வாயின் கனத்தைக் கூட்டினேன். ஒரு கப் பாலில் இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர் கரைத்தால் இன்னும் 4 கிராம் ஏறும். பாயசமும் கஞ்சியும் டீயும் அந்தப் பாலில்தான். இட்லிக்கு உளுந்தைக் கூட்டினேன். அவித்த பூசணியில் கடலை மசித்துச் சேர்த்தேன். தேங்காய்ப்பால் கௌஸ்வேயில் கடலை மாவும் கோழியும் முட்டையும் ஏற்கெனவே இருக்கின்றன. மூன்றாவது வாரத்துக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை. வாரம் ஒருமுறை, ஒரே தராசில், காலையில் எடை பாருங்கள். ஒரு மாதத்தில் ஐந்து பவுண்டு இறங்கினால் டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

பார்க்க வருபவர்கள் பலதும் சொல்வார்கள். சர்க்கரையை நிறுத்தினால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்பார்கள். உடம்பு எந்த உணவிலிருந்தும் சர்க்கரையை உண்டாக்கிக்கொள்ளும், இளைப்பது ஆள்தான். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டால் ரத்தச் சர்க்கரை ஏறுபவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவில் இருக்க வேண்டும். இன்னும் சிலர் முள்சீத்தா இலை, பப்பாளி இலை என்று கட்டாகக் கொண்டுவருவார்கள். அன்பாகத்தான் கொண்டுவருகிறார்கள். வாங்கி வையுங்கள், நன்றி சொல்லுங்கள், டாக்டருக்குச் சொல்லாமல் ஒரு டம்ளர்கூடக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கேரியரின் கீழ் இரண்டு தட்டு அக்காவின் கணவருக்கும் மகளுக்கும். முதல் வாரம் இதை நான் யோசிக்கவே இல்லை. மகள் டீக்கடைப் பலகாரத்தோடு பள்ளிக்குப் போவதைப் பார்த்துவிட்டு, தன் பங்கு இறங்காமல் அக்கா அழுதுகொண்டிருந்தார். பிள்ளைக்குச் சாம்பார் சாதமும் பொரியலும் போன நாளிலிருந்துதான் அவருக்கும் சோறு இறங்கியது. அப்புறம், "என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். பசியே இல்லாதவருக்கு அது பரீட்சைக் கேள்வி. "கஞ்சியா, இட்லியா?" என்று கேளுங்கள். இரண்டும் வேண்டாம் என்றால் ஃபிளாஸ்க்கில் பாலை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். கெஞ்சாதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வாயையும் எண்ணாதீர்கள்.

சிகிச்சை முடிந்து, ரத்தப் பரிசோதனை சரியாக வந்து, இனி எல்லாம் சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று அக்கா கேட்டது லபெ தோ. சாயம் ஏற்றாத தேயிலையாகத் தேடி வாங்கினேன்; 2009இல் லபெ பாக்கெட்டுகளில் துணிச் சாயம் கண்டுபிடிக்கப்பட்டதை நான் மறக்கவில்லை. முட்டைக்கோஸைக் கொதித்து ஆறிய தண்ணீரில் இதழ் இதழாகக் கழுவி, தக்காளியை நறுக்கி, எள்ளும் வேர்க்கடலையும் வறுத்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அவர் கண் முன்னாலேயே பிசைந்தேன். பச்சை மிளகாயை மட்டும் தனித் தட்டில் வைத்தேன். அக்கா அதில் ஒன்றை எடுத்துக் கடித்தார்.